லில்லிப் பூ அரண்மனையில் ஒரு நாள்

பெண்ணின் இரண்டாவது பிரசவத்திற்காகப் பிரான்ஸ் தேசத்திற்குப் போகிறேன் என்றதும், தெருவில் எல்லோரும், "ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்கள். கோபுரத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனசை விட்டு நகராமல் இருப்பது அது இல்லை. ப்ளுவா என்ற சின்ன ஊரில், ஒரு பழைய அரண்மனைச் சுவரில் பார்த்த கேடயங்கள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பது ஓர்லெயான் நகரத்தில். பாரிசுக்குத் தெற்கே, லுவார் நதிக்கரையில் இருக்கிறது. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த ஜோன் ஆஃப் ஆர்க், 1429-ல் ஆங்கிலேயர் முற்றுகையிலிருந்து மீட்ட ஊர் அது. ஊர் நடுவே குதிரைமேல் அவள் சிலை நிற்கிறது. நான் தினமும் காய்கறி வாங்கப் போகும் வழி அதுதான்.

அரண்மனைக்குப் போகுமுன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் சொல்கிறேன்.

என் பெண்ணுக்கு முதலும் பெண். நாலு வயசு. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் இரண்டாவது குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது, என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "இதுவும் பெண்ணா?" என்பதுதான். சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக் கொண்டேன். என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டாள்.

என் மாமியார் வீட்டு வெள்ளிப் பாலாடை ஒன்று எங்களிடம் இருக்கிறது. அடியில் மாமனார் பெயரின் முதல் எழுத்து இரண்டு வெட்டியிருக்கும். என் கணவர் குடித்தது, என் பிள்ளை குடித்தது. பெண்ணுக்கு மட்டும் என் அம்மா வீட்டுச் சங்குதான். "ஆண் குழந்தைக்குத்தான் இது, வைத்துக்கொள்" என்று சொல்லித்தான் மாமியார் என்னிடம் கொடுத்தார். இந்தத் தடவை பேரன் பிறப்பான் என்று அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். பிறந்தது பேத்தி என்றதும் அதை வெளியிலேயே எடுக்கவில்லை. "பாலாடை கொண்டு வரேன்னியே அம்மா?" என்று பெண் கேட்டபோது, "மறந்து ஊரிலேயே வச்சுட்டேன்" என்று பொய் சொன்னேன். அது பெட்டிக்கு அடியில், பழைய வேட்டித் துண்டில் சுற்றியபடி கிடந்தது.

வாசலில் ஒரு முள்ளம்பன்றி

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. குழந்தைக்கு இரண்டு மாசம் முடிந்திருந்தது. "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறோம், ப்ளுவா போய்ட்டு வரலாம்" என்றாள் பெண். பிரசவத்துக்கு முன் ஓய்வில் இருந்தபோது ஊர் நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டு வந்து ராஜாக்கள் கதை படித்திருக்கிறாள். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். சுமார் முக்கால் மணி நேரப் பயணம். ஸ்டேஷனிலிருந்து அரண்மனைக்குப் பத்து நிமிஷ நடைதான்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தள்ளுவண்டி முற்றம் வரைதான் சுகம். உள்ளே எங்கு திரும்பினாலும் படிக்கட்டு. குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை இருந்தால் கை ஓயாது. புடவை கட்டுகிறவர்கள் கணுக்கால் தெரியக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு, ரப்பர் அடி போட்ட ஷூ போட்டுக் கொள்வது நல்லது. கல் தரை வழுக்கும்.

அரண்மனைக்கு எதிரே ராபர்ட் ஊதேன் என்ற பிரபல மந்திரவாதியின் பெயரில் ஒரு மாயாஜாலக் கண்காட்சி இருக்கிறது. அந்த ஊரில் பிறந்தவராம். குறிப்பிட்ட நேரத்தில் அந்த வீட்டின் ஜன்னல்களைத் திறந்துகொண்டு தங்க நிறத்தில் ஆறு டிராகன் தலைகள் வெளியே வந்து ஆடுகின்றன! பெரிய பேத்தி பயந்து என் புடவைக்குள் புகுந்து கொண்டு, பிறகு "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டாள்.

அரண்மனை முகப்பு, சிவப்புச் செங்கலும் வெள்ளைக் கல்லும் கலந்து கட்டியது. வாசலுக்கு மேலே ஒரு மாடத்தில் பன்னிரண்டாம் லூயி ராஜா குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். பழைய சிலையைப் பிரெஞ்சுப் புரட்சியின்போது உடைத்து விட்டார்கள். இப்போது இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தது. வாசலில் கிரீடம் வைத்த ஒரு முள்ளம்பன்றியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

"இதென்னடி, ராஜா வீட்டு வாசலில் முள்ளம்பன்றி?" என்றேன்.

"அதுதான் அவர் அடையாளம் அம்மா. முள்ளம்பன்றி கிட்டே வந்தா குத்தும், தூரத்திலே இருந்தா முள்ளை எறியும்னு அந்தக் காலத்திலே நம்பினாங்க. என்கிட்டே யாரும் வாலாட்ட முடியாதுன்னு அர்த்தம்" என்றாள்.

அந்தத் தேசத்தில் ராஜ வம்சங்களுக்கு இரண்டு விதமான அடையாளம் உண்டாம். முள்ளம்பன்றி மாதிரி, ஒருவர் தனக்கென்று விரும்பி வைத்துக் கொள்வது ஒன்று. கேடயத்தில் போடும் குலச்சின்னம் இன்னொன்று. இது பரம்பரையாக வருவது. இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 12-ஆம் நூற்றாண்டில், முகத்தை மூடிக் கவசம் போட்டுச் சண்டைக்குப் போகும்போது யார் எவர் என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கேடயத்தில் வண்ணம் தீட்ட ஆரம்பித்து, பிறகு அதற்கென்று ஒரு சாஸ்திரமே வளர்ந்து விட்டது.

எனக்கு உடனே எங்கள் ஊர் சலவைக் குறி ஞாபகம் வந்தது. அந்த நாளில் வேட்டி ஓரத்தில் சேராங்கொட்டை மையால் ஒரு புள்ளி, ஒரு கோடு போடுவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு கோடும் இரண்டு புள்ளியும் என்றால், பிரிந்து போன சின்ன மாமனார் வீட்டுக்கு அதே கோட்டோடு மூன்று புள்ளி. நூறு வீட்டுத் துணி கலந்தாலும் மாறாது. "அதேதான் அம்மா! இவங்க பண்ணினதும் அதேதான்" என்று சிரித்தாள் பெண்.

நீலப் பட்டில் தங்கப் புட்டா

அரண்மனைக்குள் மிகப் பழைய பகுதி, 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு பெரிய மண்டபம். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மேற்கூரை முழுவதும் நீல வர்ணம், அதில் நெருக்க நெருக்கமாகத் தங்க லில்லிப் பூ. மயில் கழுத்து நீலத்தில் ஜரிகைப் புட்டா போட்ட பட்டுப் புடவையை விரித்துக் கட்டினது போல இருக்கிறது. (வண்ணம் 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்ததுதான். அரண்மனை நடுவில் ராணுவக் குடியிருப்பாகச் சீரழிந்து கிடந்து, 1840-களிலிருந்து பழுது பார்க்கப்பட்டது.)

நீலத்தில் தங்க லில்லிதான் பிரான்ஸ் ராஜாவின் குலச்சின்னம். முதலில் புடவை நிறையப் புட்டா மாதிரி எண்ணிக்கையில்லாமல் பூக்கள் இருந்தன. ஐந்தாம் சார்லஸ் என்ற ராஜா காலத்தில், 1376 வாக்கில், அதை மூன்றே பூவாகக் குறைத்தார்கள். கிறிஸ்தவர்கள் வணங்கும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்றைக் குறிக்கிறது என்பார்கள்.

நம் ஊருக்கும் இந்தப் பூ வந்திருக்கிறது தெரியுமா? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் இதே லில்லிப் பூ. மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி என்று இருக்கும். நம்முடைய துட்டைத்தான் அவர்கள் 'தூதூ' என்று சொன்னார்கள். மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர். இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தம்பிக்கு ஒரு கரை

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ராஜாவுக்கு நாலு பிள்ளைகள் என்றால், மூத்தவன்தான் ராஜாவாவான். சுத்தமான லில்லிப் பூ அவனுக்கு மட்டும்தான். தம்பிகளும் அதே வீட்டுப் பிள்ளைகள், பூவை விட முடியாது. ஆனால் அண்ணன் போலவே போட்டுக் கொள்ளவும் கூடாது. ஏதாவது ஒரு வித்தியாசம் சேர்க்க வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு அவர்கள் பாஷையில் வைத்திருக்கும் பெயருக்கு 'உடைப்பு' என்று அர்த்தமாம். தம்பிக்குக் கிடைப்பது கொஞ்சம் உடைத்த பூ!

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெண் வரைந்து காட்டினாள். எனக்கு எல்லாம் புடவைக் கணக்கில்தான் புரிந்தது.

ஆஞ்சூ கிளைக்கு: நீலத்தில் லில்லி, சுற்றிலும் சிவப்புக் கரை.

பெர்ரி கிளைக்கு: அதே சிவப்புக் கரை, உள் ஓரம் மட்டும் அரைவட்டம் அரைவட்டமாக வெட்டினது.

பர்கண்டி கிளைக்கு: வெள்ளையும் சிவப்பும் மாறி மாறிக் கட்டம் போட்ட கரை.

அலான்சோன் கிளைக்கு: சிவப்புக் கரையில் எட்டு வெள்ளிப் பொட்டு.

பூர்போன் கிளைக்கு: கரை இல்லை, பூவின் குறுக்கே சாய்வாக ஒரு சிவப்புப் பட்டை. தோள்மேல் போட்ட மேலாக்கு மாதிரி.

ஓர்லெயான் கிளைக்கு: பூவுக்கு மேலே மூன்று பல் உள்ள வெள்ளிச் சீப்பு மாதிரி ஒரு பட்டை. அதிலிருந்தும் பிரிந்த ஆங்கூலேம் கிளைக்கு: அதே சீப்பு, ஒவ்வொரு பல்லிலும் ஒரு பிறை.

பார்த்த மாத்திரத்தில், இவர் ராஜாவின் தம்பி வழி, இவர் தம்பியின் இளைய பிள்ளை வழி என்று சொல்லிவிடலாம். அண்ணன் வம்சம் அற்றுப் போய்த் தம்பி வழியில் ஒருவர் ராஜாவானால், அன்றே சீப்பையும் கரையையும் கழற்றி விட்டுச் சுத்தமான பூவை எடுத்துக் கொள்வார். வாசலில் இருந்த பன்னிரண்டாம் லூயி அப்படி வந்தவர்தான். 1462-ல் இதே ப்ளுவாவில் பிறந்தவர், ஓர்லெயான் கிளை. எட்டாம் சார்லஸ் ராஜா 1498-ல் பக்கத்து அம்புவாஸ் அரண்மனையில் ஒரு தாழ்வான வாசலில் தலையை இடித்துக் கொண்டு சில மணி நேரத்தில் இறந்து போனார். அவருக்குக் குழந்தை தங்கவில்லை. வெள்ளிச் சீப்பைக் கழற்றி வைத்துவிட்டு லூயி ராஜாவானார்.

இந்தக் கரைகளுக்காகச் சிந்திய ரத்தமும் உண்டு. இந்த லூயியின் தாத்தா, ஓர்லெயான் பிரபு, 1407-ல் பாரிஸ் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொல்லச் சொன்னவர், கட்டக் கரை போட்ட பர்கண்டி பிரபு. சொந்த சித்தப்பா மகன். விதவையான வலென்டினா, நியாயம் கேட்டும் கிடைக்காமல், இதே ப்ளுவா அரண்மனையில் மறு வருஷம் கண்ணை மூடினாள். பங்காளிச் சண்டை எந்தத் தேசத்தில் இல்லை!

பாதிப் பூ, பாதி எர்மின்

லூயி ராஜா 1498-லிருந்து கட்டிய பகுதியில், எல் என்ற எழுத்தும் ஏ என்ற எழுத்தும் கிரீடத்தோடு பக்கம் பக்கமாக இருக்கின்றன. எல் என்றால் லூயி. ஏ என்றால் அவர் மனைவி ஆன், பிரிட்டனி தேசத்து ராணி.

அவள் கேடயத்தை உற்றுப் பார்த்தேன். நடுவில் நெடுக ஒரு கோடு. ஒரு பாதியில் லில்லிப் பூ, புருஷன் வீடு. இன்னொரு பாதியில் வெள்ளையில் கறுப்பாகச் சின்னச் சின்ன வால்கள், அது அவள் அப்பா வீடு. எர்மின் என்பது கீரிப்பிள்ளை மாதிரி ஒரு பிராணி. பனிக்காலத்தில் உடம்பெல்லாம் வெள்ளையாகி, வால் நுனி மட்டும் கறுப்பாக இருக்கும். அதன் தோலைத் தைத்த அங்கிதான் பிரிட்டனியின் சின்னம்.

நம் ஊரில் கல்யாணமானதும் இனிஷியல் மாறுகிறது. அப்பா பெயர் இருந்த இடத்தில் புருஷன் பெயர் வந்து உட்காருகிறது. சீர்ப் பாத்திரத்தில் வெட்டின எழுத்து ஒன்றுதான் பிறந்த வீட்டை ஞாபகப்படுத்தும், அதுவும் தேய்க்கத் தேய்க்க அழிந்து விடும். இங்கே பாதிக்குப் பாதி கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

ஆனால் அவள் பட்ட பாட்டைக் கேட்டால் வயிறு கலங்கும். அப்பா இறந்து 1488-ல் நாட்டை ஏற்றபோது அவளுக்குப் பதினோரு வயசு. 1491-ல் எட்டாம் சார்லசைக் கட்டிக் கொண்டாள். ஆண் வாரிசு இல்லாமல் அவர் இறந்தால், அடுத்து வரும் ராஜாவையே மணக்க வேண்டும் என்று கல்யாண ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்களாம்! அப்படித்தான் 1499-ல் லூயியை மணந்தாள். இரண்டு கல்யாணத்திலும் சேர்த்துப் பதினான்கு தடவை கருவுற்றாள் என்கிறார்கள். மூத்த பிள்ளை மூன்று வயசில் போய் விட்டான். வளர்ந்து ஆளானது இரண்டே இரண்டு பெண்கள், க்ளோத், ரெனே. முப்பத்தேழு வயசுகூட நிரம்பாமல், 1514 ஜனவரியில் இதே அரண்மனையில் இறந்தாள்.

"ரெண்டு பெண்ணு இருந்தும் ராஜாவுக்கு வாரிசு இல்லைன்னுதான் சொன்னாங்க அம்மா" என்றாள் என் பெண். குழந்தை அவள் மார்பில் தூங்கிக் கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

பிரான்சில் பெண்ணுக்குச் சிங்காதனம் கிடையாது. 1316-ல் ஒரு ராஜா இறந்தபோது அவருடைய சின்னப் பெண்ணை ஒதுக்கிவிட்டுச் சித்தப்பாவுக்குப் பட்டம் கட்டினார்கள். அதிலிருந்து அதுவே வழக்கம், பிறகு அதுவே சட்டம். 1328-ல் இன்னொரு தடவை அண்ணன் வம்சம் அற்றபோது, பிரெஞ்சு ராஜகுமாரி இசபெல்லின் பிள்ளையான இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்ட், "அம்மா வழியில் எனக்குத்தான்" என்றார். பெண் வழி செல்லாது என்று விட்டார்கள். அவர் விடவில்லை. 1340-ல் தன் கேடயத்தில் அம்மா வீட்டு லில்லிப் பூவைச் சேர்த்துக் கொண்டார். நூறு வருஷச் சண்டை நடந்தது. இங்கிலாந்து ராஜாக்கள் அந்தப் பூவை 1801-ஆம் வருஷம்தான் எடுத்தார்கள். ஒரு தாயார் வீட்டுப் பூ, நானூற்றுச் சொச்சம் வருஷம் பிள்ளைகள் கேடயத்தில் இருந்திருக்கிறது!

க்ளோத் ராணியின் பழம்

முற்றத்தின் இன்னொரு பக்கம், எல்லோரும் படம் எடுத்துக் கொள்ளும் சுழல் படிக்கட்டு. 1515-ல் ராஜாவான முதலாம் ஃப்ரான்ஸ்வா கட்டியது. இவர் பிறைச் சீப்பு ஆங்கூலேம் கிளை. பிள்ளையில்லாத லூயி, தன் மூத்த பெண் க்ளோத்தை இவருக்குத்தான் கொடுத்திருந்தார். பெண் ராஜாவாக முடியாது, மருமகன் ராஜா! இவருடைய அடையாளம் நெருப்புக்குள் இருக்கும் சாலமாண்டர். அரணை மாதிரி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் அதுதான். உள்ளே ஒரு கணப்பின்மேல் மட்டும் சாலமாண்டருக்குப் பக்கத்தில் ஒரு எர்மின்: க்ளோத்தின் அம்மா வீட்டு எர்மின்.

க்ளோத்துக்குக் கல்யாணம் ஆனபோது வயசு பதினாலு. 1515-லிருந்து 1523-க்குள் ஏழு குழந்தைகள். 1524-ல் இதே ப்ளுவாவில் போய்ச் சேர்ந்தாள், இருபத்து நாலு வயசில். சகோதரிகளே, ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று இன்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இனி அந்தப் பெண்தான் ஞாபகம் வருவாள். ராணியானால் என்ன, உடம்பு ஒன்றுதானே.

அவள் பெயர் இன்று பிரான்சில் எல்லோர் வாயிலும் இருக்கிறது, ஒரு பழமாக! பச்சை நிறத்தில் உருண்டையாக, தேன் மாதிரி இனிக்கும் ஒரு வகைப் பிளம்ஸ் பழத்துக்கு 'ரேன் க்ளோத்', அதாவது க்ளோத் ராணி என்று பெயர். அப்போது அதன் பருவம். ஒரு கிலோ வாங்கி, மறுநாள் கொஞ்சம் காயாக இருந்ததை வெல்லமும் ஏலக்காயும் போட்டு, நம் மாங்காய்ப் பச்சடி மாதிரிச் செய்தேன். கடைசியில் வேப்பம்பூ மட்டும்தான் இல்லை. மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பத்துப் பெற்றும்...

மேல் மாடியில் காதரீன் தெ மெதிசி ராணியின் அறை. சுவர் முழுக்கச் செதுக்கிய பலகைகள், நடுநடுவே ரகசிய அலமாரிகள். தரையோரம் இருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால்தான் திறக்குமாம். விஷம் வைத்திருந்தாள் என்று கதை கட்டினார்கள். நகை, காகிதம்தான் இருந்திருக்கும். இப்படி ஒரு அலமாரி நம் சமையலறையில் இருந்தால் முறுக்கு டின்னைப் பத்திரமாக வைக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த ராணிக்குப் பத்துக் குழந்தைகள். மூன்று பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக ராஜாவானார்கள். 1589 ஜனவரியில் இதே அரண்மனையில் அவள் இறந்தாள். அதே வருஷம் ஆகஸ்டில் கடைசிப் பிள்ளையும் கொலையுண்டான். மூவருக்கும் ஆண் வாரிசு இல்லை. வலுவா வம்சம் அத்தோடு சரி.

அடுத்து ராஜாவானவர், சிவப்புப் பட்டைக்காரரான பூர்போன் நான்காம் ஹென்றி. முந்நூறு வருஷத்துக்கு முன் பிரிந்த கிளை! ஒன்பதாம் லூயி என்ற புனித லூயியின் கடைசிப் பிள்ளை ராபர்ட் வழி. குலச்சின்னம் மட்டும் பத்திரமாக இருந்ததால் சிவப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுப் பூவை எடுத்துக் கொண்டார்.

"இதுல ஒரு வேடிக்கை இருக்கு அத்தை" என்றார் மாப்பிள்ளை. "பூர்போன்ங்கிறது ராபர்ட்டோட பெயரே இல்லை. 1272-ல அவர் கட்டிக்கிட்ட பெண் பியாத்ரீஸுக்கு அம்மா வழியா வந்த ஊர் அது. பிள்ளைங்க பெண் வீட்டு ஊர்ப் பெயரை வச்சுக்கிட்டாங்க. பெண்ணுக்குப் பட்டமில்லைன்னு சொன்ன தேசத்திலே, பதினாலாம் லூயி வரைக்கும் எல்லா ராஜாவுக்கும் ஒரு பெண் கொண்டு வந்த பெயர்."

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரண்மனையின் நாலாவது பக்கத்தை 1635-ல் காஸ்தோன் என்பவர் கட்ட ஆரம்பித்தார். ராஜாவின் தம்பி, வெள்ளிச் சீப்புக்காரர். அண்ணனுக்கு இருபது வருஷத்துக்கு மேல் குழந்தையில்லை. பட்டம் தனக்குத்தான் என்று இருந்தார். 1638-ல் அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதுதான் பதினாலாம் லூயி. கட்டட வேலை அப்படியே நின்று போயிற்று. இன்றும் அரைகுறையாக நிற்கிறது. பிறகு 1790-ல் புரட்சிக்காரர்கள் குலச்சின்னங்களையே ஒழித்துச் சட்டம் போட்டார்கள். உளியால் கொத்தியெறிந்த பூக்கள் எத்தனையோ. ஆனாலும் ஆசை விடுமா? 1988-ல் பாரிஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு: கரையோ சீப்போ இல்லாத மூன்று பூவை நீ எப்படிப் போடலாம் என்று ஓர்லெயான் வழி வாரிசு, ஸ்பெயின் போன கிளையின் வாரிசை எதிர்த்து. ராஜ்யம் போய் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், நீதிபதி வழக்கைத் தள்ளி விட்டார். ஸ்பெயின் ராஜாவின் சின்னத்தில் மட்டும் இன்றைக்கும் நடுவில் மூன்று லில்லி, ஆஞ்சூவின் சிவப்புக் கரையோடு இருக்கிறது.

பெட்டிக்கு அடியில் இருந்தது

திரும்பி வரும் ரயிலில் பெரிய பேத்தி என் மடியில் தூங்கி விட்டாள். ஜன்னலுக்கு வெளியே லுவார் நதி மணல் திட்டோடு, நம் காவிரி மாதிரி ஓடிக் கொண்டிருந்தது.

"ஜோனுக்கும் ராஜா ஒரு கேடயம் கொடுத்தார் அம்மா" என்றாள் பெண். "நீலத்திலே ஒரு கத்தி, ரெண்டு பக்கமும் லில்லி. அவ குடும்பத்துக்குக் கொடுத்த அந்தஸ்து பெண் வழியிலும் போகலாம்னு எழுதிக் கொடுத்தார். 1614-லே அதையும் ரத்து பண்ணிட்டாங்க."

நான் பதில் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் அணு என்று எத்தனை தடவை படித்திருக்கிறேன்! படித்தும், "இதுவும் பெண்ணா" என்று பெற்றவளைப் பார்த்துத்தானே கேட்டேன்? ஆன் ராணியின் காதில் பதினான்கு தடவை எப்படி விழுந்திருக்கும் அந்தக் கேள்வி?

அன்று ராத்திரி குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கும் நேரம். பெண் ஸ்பூனைத் தேடினாள். நான் என் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்து, வேட்டித் துண்டைப் பிரித்து, பாலாடையை வெந்நீரில் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தேன்.

"ஊரிலே இருக்குன்னியே?"

"பொய் சொன்னேன். ஆம்பளைக் குழந்தைக்குன்னு பாட்டி சொன்னதை வச்சுக்கிட்டு, உங்கிட்டே மறைச்சுட்டேன். ஆஸ்பத்திரியிலே சொன்னதும் தப்புதான்."

அவள் ரொம்ப நேரம் பாலாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் நிறைந்து விட்டது. "எனக்குக்கூட இதிலே கொடுக்கலையே அம்மா நீ" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? "இல்லேடி, கொடுக்கலை" என்றேன். அவள் அதில் மருந்தை விட்டுக் குழந்தைக்குப் புகட்டினாள். குழந்தை வாயைச் சப்புக் கொட்டிக் கொண்டு குடித்தது.

ஊருக்கு வருமுன் அந்தப் பாலாடையை அங்கேயே விட்டு வந்தேன். அடியில் மாமனார் எழுத்து அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் இடமும் இருக்கிறது. அடுத்த தடவை அவர்கள் ஊருக்கு வரும்போது, பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, என் பெண்ணின் எழுத்தையும் இரண்டு பேத்திகளின் எழுத்தையும் அங்கே வெட்டச் சொல்லப் போகிறேன்.